வரி யாருக்கு, பெட்டி யாருக்கு?

போன வருட விடுமுறைக்கு கம்பஸிலிருந்து ஊருக்கு வந்தபோது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பட்டியல் போடத் தொடங்கினோம். எங்கட கிராமத்தில் இறுதி யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியல். கச்சேரியில் ஏதோ இருக்கும். கொழும்பில் ஏதோ இருக்கும். தாய்மாரின் பிளாஸ்ரிக் பைகளுக்குள் கட்டாயம் இருக்கும். ஆனால் ஊருக்கென்று ஒன்று ஊரிடம் இல்லை. ஒரு பழைய லப்டொப், அதில் எக்செல், இரண்டு மோட்டார்சைக்கிள். நாங்கள் எல்லாரும் கலைப்பீடம். ஒருத்தி மட்டும் ஏ.எல்லுக்கு ஐ.சி.ரி. எடுத்தவள்.

படிவத்தை நாங்களே போட்டோம். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. குடும்பத் தலைவர் பெயர், அங்கத்தவர் தொகை, காணி சொந்தமா, கிணறு உண்டா, காணாமல் போனவர் உண்டா (ஆம்/இல்லை), இருந்தால் பெயர். அரச படிவங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளையள் வேறெப்படிப் போடுவோம்?

மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தா.

"என்ர பிள்ளை எங்க தம்பி இதில?"

காட்டினோம்.

"இது என்ர பேர். இது என்ர கிணறு. கிணத்துக்குப் பக்கத்துப் பெட்டியில அவன்ர பேர். அவனுக்கெண்டு ஒரு வரி இல்லையோ?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. அன்று பின்னேரம் குளக்கட்டில் இருந்து யோசித்தபோதுதான் விளங்கியது: அந்த அம்மா கேட்டது தரவுத்தள வடிவமைப்பில் கேட்கவேண்டிய முதலாவது கேள்வி. எது தனி உருபொருள், எது இன்னொன்றின் பண்பு? எது வரி, எது பெட்டி? இந்தக் கேள்வியை "தொழில்நுட்பம்" என்று சொல்லி கணினிக்காரரிடம் விட்டுவிடுகிறோம். வன்னியில் இருக்கிற நாங்கள் அப்படி விட முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1976இல் பீற்றர் சென் என்பவர் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார். இன்றைக்கு ஏ.எல். பிள்ளைகள் பெட்டியும் வட்டமும் சாய்சதுரமும் கீறிப் படிக்கும் ஈ.ஆர். வரைபடம் அதிலிருந்து வந்தது. உலகத்தை மூன்றாகப் பிரித்துப் பார் என்கிறார். தனித்து அடையாளம் காணக்கூடிய ஒன்று என்டிட்டி, உருபொருள். அதைப் பற்றிச் சொல்லக்கூடியது அட்ரிபியூட், பண்பு. இரண்டு உருபொருள்களுக்கு இடையில் நடப்பது உறவு. தமிழ் படிக்கிற எங்களுக்கு இது பெரிய புதினம் இல்லை. பொருட்பெயரையும் பண்புப்பெயரையும் நன்னூல் எப்பவோ பிரித்து வைத்திருக்கிறது. சிவப்பு தனியே நடந்து வராது, ஏதாவது ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

ஆனால் எது பொருள், எது பண்பு என்பது எப்பவும் முன்கூட்டியே தீர்ந்திருப்பதில்லை. இரணைமடுவை எடுங்கள். ஒரு விவசாயியின் படிவத்தில் "நீர் எங்கிருந்து?" என்ற பெட்டிக்குள் இரணைமடு ஒரு சொல். அங்கே அது பண்பு. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஏட்டில் அதே இரணைமடு தனி வரி. அதற்கு நீர்மட்டம் உண்டு, வான்கதவுகள் உண்டு, அதன் கீழ் வயல்கள் உண்டு. குளம் மாறவில்லை, ஏட்டை எழுதுகிறவரின் தேவைதான் மாறியிருக்கிறது. யாரைப் பற்றி, எதற்காக அறிய விரும்புகிறோமோ அதற்கு வரி கொடுக்கிறோம். மற்றதைப் பெட்டிக்குள் போடுகிறோம். அப்படியென்றால் வரி கொடுப்பது ஒரு அரசியல் முடிவு.

எங்கட எக்செலில் வரி வீட்டுக்கு, பெட்டி பிள்ளைக்கு. அதனால் என்ன நடந்தது என்று சொல்கிறோம். கணினிப் பாடத்தில் இவற்றுக்கு ஒழுங்கின்மைகள் என்று பெயர்: சேர்க்கும்போது ஒன்று, மாற்றும்போது ஒன்று, அழிக்கும்போது ஒன்று. புத்தகத்தில் மாணவரும் பாடநெறியும் வைத்து விளங்கப்படுத்துவார்கள். எங்களுக்கு ஊர் விளங்கப்படுத்தியது.

முதலில் மாற்றும்போது வரும் பிரச்சினை. ஒரு அண்ணையின் பெயரை அவருடைய தாய் எங்களிடம் சொன்னா. இரண்டு ஒழுங்கை தள்ளி அவருடைய மனைவியும் சொன்னா. இரண்டு வீடு, இரண்டு வரி, ஆனால் ஆள் ஒருவர். தாய் சொன்ன வயது ஒன்று, மனைவி சொன்ன வயது இன்னொன்று. பெயரில் ஒரு இடத்தில் 'ஸ்', மற்ற இடத்தில் 'சு'. எங்கட கூட்டுத்தொகையில் அவர் இரண்டு பேர். யாராவது ஒரு அதிகாரி இதைக் கண்டால் "பாருங்கோ, கூட்டிச் சொல்லினம்" என்று எல்லாவற்றையும் தூக்கி எறிய அது போதும்.

அடுத்தது சேர்க்கும்போது. ஒரு வீட்டில் விவரம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த மாமி வேலிக்கு அப்பால் இருந்த பற்றைக் காணியைக் காட்டினா. "அங்க இருந்த சனத்தை ஆர் எழுதுறது? ஒருத்தரும் திரும்பி வரேல்லை." உண்மைதான். ஒருவரும் மிஞ்சாத வீட்டில் குடும்பத் தலைவர் இல்லை. குடும்பத் தலைவர் இல்லாவிட்டால் வரி இல்லை. வரி இல்லாவிட்டால் பெட்டியும் இல்லை. ஆகக் கூடுதலாக இழந்த வீடுதான் எங்கட படிவத்தில் முற்றாக இல்லாமல் போனது. முறைப்பாட்டாளர் ஒருவர் வந்து சொன்னால்தான் பதிவு என்று வைத்திருக்கிற எந்த ஏட்டிலும் இந்த ஓட்டை இருக்கும்.

மூன்றாவது அழிக்கும்போது. இதுதான் எங்களைப் பயப்படுத்தியது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தாய்மார் கொட்டில் போட்டு இருந்தார்கள். அந்தப் போராட்டம் தொடங்கியபோது எங்களில் சிலர் ஆரம்பப் பள்ளிக்கூடம். இன்றைக்கு அந்தத் தாய்மாரில் பலர் இல்லை. படங்களோடு இருந்தவர்களே படங்களாகிவிட்டார்கள். பிள்ளையின் பெயர் தாயின் வரிக்குள் ஒரு பெட்டியாக இருந்தால், தாய் இறந்து அந்த வரியை மூடுகிற நாளில் பிள்ளையும் சேர்ந்து மூடப்படுவான். ஒரு ஆளை இரண்டு தரம் இல்லாமல் ஆக்குவதற்கு ஆயுதம் தேவையில்லை, பிழையான அட்டவணை காணும்.

சரி, பிள்ளைக்குத் தனி வரி கொடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். "காணாமல் போனவர்: ஆம்" என்று அவனுடைய வரியில் ஒரு பெட்டியை நிரப்பினோம் என்று வையுங்கள். அப்போதும் பிழை. இங்கே தமிழ் இலக்கணம் எங்களுக்குக் கைகொடுக்கிறது. "காணாமல் போனவர்" என்பதில் எழுவாய் அவரே. அவர் போனார், திருவிழாவில் வழி தவறினதுபோல. காய்ச்சல் வந்த மாதிரி அவருக்கு வந்த ஒரு குணம். "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்றால் செயப்பாட்டு வினை. யாரால் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எங்கட தாய்மார் "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்" என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பிடிவாதத்தால் இல்லை. சென்னின் மொழியில் சொன்னால், அவர்கள் சொல்வது இது: காணாமல் ஆக்கப்படுதல் ஒரு பண்பு அல்ல, அது ஒரு உறவு. உறவுக்கு ஒரு நுனி மட்டும் இருக்க முடியாது. ஒரு நுனியில் எங்கட பிள்ளை. மற்ற நுனியில் யார்?

2009 மே 18இல் வட்டுவாகல் பாலத்தடியில் தங்கள் உறவுகளைக் கையில் பிடித்துக் கொடுத்தோம் என்று குடும்பங்கள் இன்றுவரை சொல்லி வருகின்றன. ஆட்கொணர்வு மனுக்கள் வவுனியா மேல் நீதிமன்றத்துக்குப் போயின. அவர்கள் சொல்கிற சம்பவத்தைக் கீறிப் பாருங்கள்: ஒப்படைத்தவர், ஒப்படைக்கப்பட்டவர், பொறுப்பெடுத்தவர், இடம், நேரம். இதை "காணாமல் போனவர்: ஆம்" என்ற ஒற்றைப் பெட்டிக்குள் அமுக்கினால் பொறுப்பெடுத்தவர்தான் முதலில் மறைகிறார்.

இந்த நாட்டின் சட்டம் அந்த நுனியை எப்படி வைத்திருக்கிறது? 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை உருவாக்கியது. "போன" என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது. அச்சட்டத்தில் காணாமற்போன ஆள் என்ற ஒரே வரைவிலக்கணத்துக்குள் வடக்குக் கிழக்கு யுத்தத்தில் காணாமல் போனவர், களத்தில் காணாமல் போன படையினர், அரசியல் குழப்பங்களில் காணாமல் போனவர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர் எல்லாரும் அடக்கம். தெற்கில் ஒரு சிப்பாயின் தாய் அழுவதும் 1989இல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுவதும் எங்கட தாய் அழுவதைப் போலத்தான். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துயரம் ஒன்றாக இருப்பதால் சம்பவம் ஒன்றாகிவிடாது. களத்தில் தொலைந்த சிப்பாய்க்குக் கேட்கவேண்டியது எந்தப் படைப்பிரிவு, எந்தச் சண்டை. கையால் ஒப்படைக்கப்பட்டவருக்குக் கேட்கவேண்டியது யார் பொறுப்பெடுத்தது, எங்கே கொண்டுபோனது. ஒரே வகைக்குள் எல்லாரையும் போட்டுவிட்டு எல்லாருக்கும் பொதுவான பெட்டிகளை மட்டும் வைத்தால், பொதுவில்லாத கேள்விகள் விழுந்துவிடும். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, அலுவலகத்தின் கண்டுபிடிப்புகளால் எவருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்றும் சொல்கிறது. அதாவது உறவின் மற்ற நுனியைக் கண்டுபிடித்தாலும் அதற்குப் பாரம் இல்லை.

இனி வெற்றுப் பெட்டியைப் பற்றி. தரவுத்தளத்தில் மதிப்பு இல்லாத பெட்டிக்கு 'நல்' என்று பெயர். 1970இல் அட்டவணைகளால் ஆன தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்ட எட்கர் கொட், பின்னாளில் இந்த வெற்றை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று வாதிட்டார். ஒன்று, மதிப்பு உண்டு, எங்களுக்குத் தெரியாது. மற்றது, அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது. "இறந்த திகதி" என்ற பெட்டியைக் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருக்கு நிரப்பப் பாருங்கள். தெரியாதா, பொருந்தாதா? இந்தக் கேள்வியில்தான் எங்கட அம்மாமார் வருடக்கணக்காக அலுவலக வாங்குகளில் இருக்கிறார்கள். அஸ்வெசும படிவத்தில் விதவையா என்று கேட்டால் என்ன சொல்வது? மரணச் சான்றிதழ் எடுத்தால் காணி மாற்றலாம், வங்கிக் கணக்கைத் தொடலாம். எடுத்தால் தாங்களே திகதி போட்டுக் கொன்றதுபோல ஆகிவிடும். 2016இன் 16ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காணாமல் போனமைக்கான சான்றிதழ் இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மூன்றாம் நிலையைத் தந்தது. நல்லது. அதனால் சில அலுவல்கள் பார்க்கலாம். ஆனால் அதிலும் எழுதப்படுவது ஆளின் நிலைதான், அவருக்கு நடந்தது இல்லை.

கொட் சொல்லாத இன்னொரு வெற்றும் இருக்கிறது. எங்கட பெட்டி வெறுமை, இன்னொருவரின் ஏட்டில் அதே பெட்டி நிரம்பியிருக்கிறது. 2016இல் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் படைத்தரப்பு அதிகாரி ஒருவர், சரணடைந்தவர்களின் பட்டியல் இருப்பதாகச் சாட்சியம் சொன்னார். 2019இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, சரணடைந்தவர்கள் தங்களிடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்று இராணுவம் பதில் சொன்னது. இப்படியான வெற்றுக்குத் "தெரியாது" என்று குறி போடுவது பொய். "மறைக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு குறி வேண்டும்.

வேறு நாட்டில் வேறு மாதிரிச் செய்திருக்கிறார்கள். ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி முடிந்த பிறகு அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1984இல் 8,960 பேரைப் பதிவு செய்தது. அது ஆட்களின் பெயர்ப் பட்டியலோடு நிற்கவில்லை. சுமார் 340 இரகசியத் தடுப்பு முகாம்களையும் அடையாளம் கண்டது. கண் கட்டப்பட்டு இருந்தவர்கள் சொன்ன படிக்கட்டு, சத்தம், சுவர் எல்லாவற்றையும் சேர்த்து இடத்துக்குத் தனி அடையாளம் கொடுத்தபோது, ஒருவரை ஒருவர் அறியாத சாட்சிகள் ஒரே கட்டிடத்தில் சந்தித்தார்கள். எங்கட விடயத்திலும் முயற்சி நடந்திருக்கிறது. சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டமும் மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் 2018இல் வெவ்வேறு பட்டியல்களைப் பெயர் பெயராக ஒப்பிட்டு, 2009 மே 17 முதல் 19 வரை சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்று மதிப்பிட்டன. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி இருந்ததால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமானது. வீட்டுக்கு ஒரு வரி இருந்திருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

இந்த இடத்தில் எங்கட ஆட்களோடும் ஒரு சண்டை பிடிக்கவேண்டும். 146,679 என்ற எண்ணை மேடைகளில் எல்லாரும் சொல்கிறோம். 2011இல் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன் வைத்த கணக்கு அது. 2008 ஒக்ரோபரில் கச்சேரிப் புள்ளிவிவரப்படி வன்னியில் இருந்த 429,059 பேரிலிருந்து, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்த 282,380 பேரைக் கழித்தால் வருவது. ஆயர் கேட்டது ஒரு கேள்வி: மிச்சச் சனம் எங்கே? கேட்கத் துணிவு வேண்டியிருந்த காலத்தில் கேட்டார். நாங்களோ அந்தக் கேள்வியை எடுத்து விடையாக்கிவிட்டோம். கழித்தலால் வந்த எண்ணுக்குள் ஒரு பெயரும் இல்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 1981க்குப் பிறகு 2012 வரை முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் அந்த எண் தேவைப்பட்டது. ஆனால் பதினைந்து வருடத்துக்கு மேலாக எண்ணை மட்டும் உச்சரித்துக்கொண்டு ஊர் ஊராக வரி எழுதாமல் விட்டது யார் பிழை? அதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

இன்னொன்று. "யாரால்" என்ற நுனியைத் திறந்து வைத்தால் எல்லா விடையும் எங்களுக்குப் பிடித்ததாக வராது. கட்டாய ஆட்சேர்ப்பில் இயக்கம் கூட்டிக்கொண்டுபோன பிள்ளைகளும் எங்கட ஊரில் இருந்தார்கள். ஒரு அம்மா அதைச் சொன்னபோது எங்களில் ஒருவரின் கை தட்டச்சில் நின்றது. "எழுது தம்பி, அதுவும் நடந்ததுதானே" என்றா. எழுதினோம். பிடித்த விடைக்கு மட்டும் பெட்டி வைக்கிறவன் அரசைக் குறை சொல்ல முடியாது.

"வடிவமைப்பு எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் தரவைச் சேருங்கோ" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொக்குத்தொடுவாயில் 2023 யூனில் தண்ணீர்க் குழாய் போட வெட்டியபோது மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. 2024 யூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. உடுப்புகளோடு இலக்கத் தகடுகளும் வந்தன. தகட்டிலக்கம் என்பது ஒரு சாவி. ஒரு ஆளை மற்ற எல்லாரிலிருந்தும் பிரித்துக் காட்டுவதற்கென்றே அடிக்கப்பட்ட எண். ஆனால் அந்தச் சாவி திறக்கவேண்டிய அட்டவணை எங்களிடம் இல்லை. எந்தத் தாயிடமாவது அந்த இலக்கம் ஞாபகத்தில் இருக்கலாம். அவவிடம் யாராவது கேட்டோமா? எங்கட முதல் படிவத்தில் கிணறு உண்டா என்று கேட்கப் பெட்டி இருந்தது. இலக்கம் தெரியுமா என்று கேட்க இல்லை.

ஆகவே நாங்கள் முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினோம். இப்போது ஐந்து அட்டவணை. ஆள்: காணாமல் ஆக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, நாங்களே கொடுத்த ஒரு எண். அடையாள அட்டை இலக்கத்தைச் சாவியாக வைக்க முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அட்டை இல்லை, பலரின் அட்டை பதுங்குகுழிக்குள் போய்விட்டது. சொல்பவர்: தாய், மனைவி, அயலவர், யாராகவும் இருக்கலாம். ஒரு ஆளைப் பற்றிப் பலர் சொல்லலாம், ஒருவர் பலரைப் பற்றிச் சொல்லலாம், சொல்பவர் இறந்தாலும் ஆளின் வரி அப்படியே நிற்கும். இடம். ஆதாரம்: கடிதம், படம், துண்டு. ஐந்தாவது, நடுவில், சம்பவம்: யார், யாரால், எங்கே, எப்போது, யார் கண்டது. அதில் "யாரால்" என்ற பெட்டியை வெறுமையாக விட அனுமதி இல்லை. தெரியாது, சொல்லப் பயம், மறைக்கப்பட்டது, இவற்றில் ஒன்றையாவது எழுதவேண்டும்.

பட்டியல் என்றால் பயப்படுகிற ஊர் இது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களை எங்கட சனம் கண்டிருக்கிறது. ஆகையால் எங்கட கோப்பு இணையத்தில் இல்லை. எங்கே இருக்கிறது, யார் திறக்கலாம் என்பதைச் சொன்னவர்கள்தான் தீர்மானிப்பார்கள். தன் சொல்லைத் திருப்பி எடுக்க விரும்பினால் எடுக்கலாம். இதுவும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான்.

கணினி படிக்கிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம்: மாணவர், பாடநெறி, விரிவுரையாளர் என்ற அதே உதாரணத்தைத் திரும்பத் திரும்பக் கீறுகிறீர்கள். ஒரு தரம் உங்கட ஊரைக் கீறுங்கோ. கலைப்பீடத்துத் தோழர்களிடம்: இது எங்கட வேலை இல்லை என்று தள்ளாதேயுங்கோ. எது பொருள், எது பண்பு, எது வினை என்று பிரிக்கப் படித்தவர்கள் நாங்கள்தானே?

பழைய அம்மாவிடம் திரும்பிப் போனோம். புதிய அட்டவணையில் மகனின் வரியைக் காட்டினோம். பெயர், பிறந்த திகதி, நெற்றித் தழும்பு, கடைசியாகக் கண்ட இடம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மெதுவாக வாசித்தா. பிறகு சொன்னா: "திகதி பிழை மோன. பத்தொன்பது இல்லை, பதினெட்டு. விடியக்காலமை." திருத்தினோம். ஒரே ஒரு இடத்தில்.

வாற விடுமுறைக்கு உங்கட ஊரிலும் தொடங்குங்கோ. லப்டொப் இல்லாவிட்டால் சி.ஆர். கொப்பி போதும். பென்சிலை எடுக்க முதல் அந்த அம்மாவின் கேள்வியை மட்டும் ஒருதரம் கேளுங்கோ: வரி யாருக்கு?